பைல் நாட்டுக்கு ஒரு பியானோ: நாற்பது வயதில் முதல் அப்ரைட் வாங்குவது எப்படி?

முதல் பியானோ வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "யமஹாவா, கவாயா?" என்பதுதான். இணையத்தில் தேடினால் பதில்கள் கொட்டிக் கிடக்கு. ஆனா அதுல பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள் எழுதியவை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக்குள் காற்று வறண்டு போகும், மரம் வெடிக்கும். அதனால் அவங்க அறிவுரை பெரும்பாலும் வறட்சியிலிருந்து பியானோவைக் காப்பாற்றுவது பற்றியே இருக்கும். நம்ம பிரச்சினை நேர் எதிர்.

இந்தக் கட்டுரையை நான் பைல் நாட்டை மனசில் வைத்து எழுதுகிறேன். கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று. 1000 முதல் 1300 மீட்டர் உயரம், வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம், மழைக்காலத்தில் இறுகிப்போய்த் தோளால் இடித்துத் திறக்க வேண்டிய கதவுகள். கீழேயிருந்து வர 70 கொண்டை ஊசி வளைவுகள். பியானோவுக்கு இதைவிடக் கஷ்டமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. இங்கே ஒரு பியானோ பிழைக்க என்ன வேண்டும் என்று புரிந்துவிட்டால், சென்னை, தூத்துக்குடி, ஏற்காடு எங்கே இருப்பவருக்கும் அதே கணக்கு உதவும்.

நான் படித்துச் சேகரித்த எல்லாவற்றையும் சுருக்கினால் இவ்வளவுதான்: முதலில் ஈரம், அடுத்து டியூனர், அதற்கப்புறம்தான் பியானோ. இந்த வரிசையை மாற்றினால், சில லட்சம் கொடுத்து வாங்கிய பொருள் நாலு வருஷத்தில் குடும்பப் படங்கள் வைக்கும் மேஜையாகிவிடும். இளம் வயதில் கற்பவருக்கு இன்னொரு வாய்ப்பு வரும். வேலை, பிள்ளைகளின் படிப்பு, வயதான அப்பா அம்மா எல்லாத்துக்கும் நடுவில் தினம் அரை மணி நேரம் ஒதுக்குகிற ஆளுக்கு, ஒட்டிக்கொள்ளும் கட்டையும் சுருதி விலகிய கம்பியும் கிடைத்தால் ஆசையே விட்டுப்போகும்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்டோலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய கருவி பியானோ. கம்பியைச் சுண்டாமல் சுத்தியால் அடிப்பதுதான் அவர் கொண்டு வந்த மாற்றம். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பெரிய ஒலி. கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்தி, வீட்டுச் சுவரோரம் வைக்கிற அப்ரைட் வடிவம் அதற்கு நூறு வருஷம் கழித்து, 1800-ஐ ஒட்டி வந்தது.

அப்ரைட்டின் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து விஷயங்கள் தெரியும். 88 கட்டைகள். அவற்றோடு இணைந்த, கம்பளி ஃபெல்ட் போர்த்திய சுத்திகள். சுமார் 220 எஃகுக் கம்பிகள். அவற்றைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டம். எல்லாவற்றுக்கும் பின்னால், ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த ஒலிப்பலகை. ஒவ்வொரு கம்பியும் சராசரியாக 70, 80 கிலோ இழுவிசையில் இருக்கும். மொத்தம் கூட்டினால் 16 டன்னுக்கு மேல். இரும்புச் சட்டம் இல்லாவிட்டால் பெட்டியே மடங்கிவிடும்.

கம்பியின் ஒரு முனை சுற்றியிருக்கும் எஃகு ஆணியை, வீணையின் பிருடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆணியை எந்தத் திருகு மரையும் பிடித்து வைக்கவில்லை. பல அடுக்கு மரக்கட்டையில் இறுக்கமாக அடித்திருக்கிறார்கள், உராய்வு மட்டும்தான் பிடி. அந்த மரம் தளர்ந்தால் ஆணி தளரும். ஆணி தளர்ந்தால் சுருதி நிற்காது.

ஆக, இரும்பும் எஃகும் வெளியே எவ்வளவு மிரட்டினாலும், சுருதியைத் தீர்மானிப்பது மரமும் கம்பளியும்தான். இரண்டும் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும்.

ஈரம் செய்யும் வேலை

கொஞ்சம் கணக்கு. மரம் எப்போதும் சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வரப் பார்க்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் அதன் உலர் எடையில் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 60 சதவீதத்தில் சுமார் 11. 80 சதவீதத்தில் 16. கோடு நேராகப் போகவில்லை, மேலே போகப் போகச் செங்குத்தாகிறது என்பதைக் கவனிக்கணும். 40-லிருந்து 60 போவதைவிட 60-லிருந்து 80 போவது மரத்துக்குப் பெரிய அதிர்ச்சி. நாம் இருப்பது அந்தச் செங்குத்தான பகுதியில்.

மரம் இழையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளாது, குறுக்கேதான் விரியும். ஒலிப்பலகைக்கு அறுக்கும் விதத்தில் ஸ்ப்ரூஸ் மரம், ஈரம் ஒரு சதவீதம் கூடினால் குறுக்கே தோராயமாக 0.13 சதவீதம் விரியும். ஈரம் 11-லிருந்து 16-க்குப் போனால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 6, 7 மில்லிமீட்டர். ஆனா பலகையின் ஓரங்கள் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கு, விரிய இடமில்லை. என்ன செய்யும்? முன்பக்கமாகப் புடைக்கும். அதன் மேல் நிற்கும் பிரிட்ஜ் கம்பிகளைத் தள்ளும், கம்பிகள் இறுகும், சுருதி ஏறும். மழை முடிந்து பங்குனி வெயில் வந்ததும் பலகை இறங்கும், சுருதியும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவாக இருந்தால் கூடப் பரவாயில்லை. நடு ஸ்தாயியில் அதிகம், உச்சத்திலும் அடியிலும் குறைவு. அதனால்தான் பருவம் மாறினால் பியானோ தன்னோடு தானே சண்டை போடுகிற மாதிரி கேட்கும்.

அளவு புரிய ஒரு உதாரணம். ஒரு அரைஸ்வரத்தை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். நடு ஸ்தாயியின் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 435-க்கு இறங்கினால் அது 20 சென்ட். இசை கற்காதவர் காதுக்கே "என்னமோ சரியில்லையே" என்று தோன்றும் அளவு. ஒரு பருவ மாற்றத்தில் 10, 20 சென்ட் நகர்வது சாதாரணம்.

சுருதி போனாலாவது திரும்பச் சேர்க்கலாம். ஈரத்தின் மற்ற வேலைகள் இன்னும் மோசம். கட்டைகளின் துளைகளில் இருக்கும் ஃபெல்ட் உப்பினால், அழுத்திய கட்டை திரும்பி வராது. சுத்தியின் கீல்கள் உப்பினால் சுத்தி சோம்பேறியாகும். கம்பியும் ஆணியும் துருப்பிடிக்கும். ஈரமான கம்பளியை அந்துப்பூச்சி தேடி வரும், மரத்தைக் கரையான் தேடி வரும். எலிக்கு, ஃபெல்ட் கிழித்துக் கூடு கட்ட அப்ரைட்டின் அடிப்பகுதியைவிட வசதியான இடம் வீட்டில் கிடையாது.

மலையில் ஒரு கூடுதல் சிக்கல். காற்று குளிர்ந்தால், அதிலுள்ள தண்ணீர் அப்படியே இருந்தாலும் ஈரப்பதச் சதவீதம் ஏறும். 32 டிகிரியில் 50 சதவீதம் இருக்கும் காற்றை 24 டிகிரிக்குக் குளிரவைத்தால் அது சுமார் 80 சதவீதமாகிவிடும். மதியம் வெயிலும் ராத்திரி குளிரும் உள்ள ஊரில், ஜன்னல் திறந்த அறைக்குள் இந்த ஊசலாட்டம் தினமும் நடக்கும். சமவெளியில் ஏசி இதே வேலையைச் செய்யும். ராத்திரி எட்டு மணி நேரம் உலர்த்தி, பகலில் நிறுத்தி, மறுபடி ஈரத்துக்கு விடுவது. பியானோவுக்குத் தொடர்ந்து 65 சதவீதம் இருப்பதைவிட, தினமும் 45-க்கும் 80-க்கும் இடையே ஆடுவது கெடுதல்.

ஆர்மோனியம் எப்படித் தப்பித்தது?

ஒரே ஐரோப்பாவிலிருந்து வந்த இரண்டு கட்டை வாத்தியங்கள். ஆர்மோனியம் பஜனை மடத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் தெருக்கூத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பியானோ மவுண்ட் ரோட்டையும் மலைவாசஸ்தல பங்களாக்களையும் தாண்டவில்லை. விலை ஒரு காரணம், எடை ஒரு காரணம். மூன்றாவதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆர்மோனியத்தில் ஒலிப்பது பித்தளை நாக்கு. அதன் சுருதி உலோகத்தின் நீளத்திலும் கனத்திலும் இருக்கு. மழை வந்தாலும் பெரிசாக மாறாது. மாட்டுவண்டியில் ஊர் ஊராகக் கொண்டு போய் இறக்கி, உடனே வாசிக்கலாம். பியானோவை அப்படி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இங்கே பியானோ விற்றவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும். சென்னையில் 1842-ல் மிஸ்கித் அண்டு கோ என்று தொடங்கிய கடைதான் இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல். மும்பையின் ஃபுர்டாடோஸ் 1865-லிருந்து இருக்கு. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்றே தனி மாடல்கள் செய்தன. பசை ஈரத்தில் விட்டுப்போகும் என்று, மூட்டுகளில் கூடுதலாகத் திருகாணியும் பித்தளைப் பட்டையும் போட்டு அனுப்பினார்கள். அதுவும் போதாமல் இங்கே ஒரு நாட்டு வைத்தியம் உருவானது: பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது. பறையைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுகிற அதே அறிவுதான். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டியூனரைப் பாருங்க

வீணையை வாசிப்பவரே சுருதி சேர்ப்பார். பியானோவில் அது நடக்காது. நடு ஸ்தாயியிலிருந்து மேலே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று கம்பிகள். மூன்றையும் துல்லியமாக ஒன்றாக்கி, ஸ்தாயிகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஆணி மறுபடி நழுவாதபடி அமர்த்த வேண்டும். இது தனித் தொழில். வருஷக் கணக்கில் கற்றுக்கொள்வது.

புதுப் பியானோவின் கம்பிகள் இன்னும் நீண்டுகொண்டிருக்கும் என்பதால் முதல் வருஷம் மூன்று, நான்கு தடவை சுருதி சேர்க்கணும். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை. நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஈரம் நிலைப்பட்ட பிறகு தை, மாசியில் ஒன்று, ஆடிக் காற்று அடங்கிய பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைச் செய்ய நாமக்கல்லில் ஆள் தேடினால் கஷ்டம். டியூனர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்காங்க. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் வந்தால், அவர் கூலியைவிடப் பயணமும் தங்குமிடமும்தான் அதிகமாகும். ஆகவே பியானோ விலையைக் கேட்பதற்கு முன்பே, கடைக்காரரிடமும் தனியாக வேலை செய்யும் டியூனர்களிடமும் இந்த நாலு கேள்விகளைக் கேளுங்க:

1. மலைக்கு வருவீங்களா? வருஷத்துக்கு இரண்டு முறை வர மொத்தச் செலவு என்ன ஆகும்?
2. சுருதி மட்டுமா, இல்லை ஒட்டும் கட்டை, தளர்ந்த கீல் எல்லாம் சரிசெய்வீங்களா?
3. இந்தப் பக்கத்தில், சேலம், ஏற்காடு, திருச்சி என்று வேறு பியானோக்களைப் பார்க்க வருவீங்களா?
4. நான் வாங்க நினைக்கிற பழைய பியானோவை எனக்காக ஒருமுறை வந்து பார்ப்பீங்களா?

மூன்றாவது கேள்விதான் சாவி. தேவாலயங்கள், உறைவிடப் பள்ளிகள், சில வீடுகள் என்று ஒரு வட்டாரத்தில் ஐந்தாறு பியானோ இருந்தால் டியூனர் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடிப்பார், செலவு பிரியும். யாரும் வர மாட்டேன் என்றால், உங்களுக்கான பதில் கிடைத்துவிட்டது. எவ்வளவு நல்ல பியானோவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

இங்கே காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது வயதுத் தமிழ்க் காது வெறும் பலகை இல்லை. நாற்பது வருஷப் பாட்டு அதில் ஏறியிருக்கு. தம்புராவில் இயல்பாகத் தொனிக்கும் அந்தர காந்தாரம் ஷட்ஜமத்திலிருந்து 386 சென்ட். பியானோவின் சமப் பங்கீட்டில் அதே காந்தாரம் 400. சரியாகச் சுருதி சேர்த்த பியானோவிலேயே காந்தாரம் 14 சென்ட் தூக்கலாகத்தான் கேட்கும். அது கருவியின் இயல்பு, பழகிவிடும். கர்நாடக இசையோடு பியானோவைச் சேர்க்கிற சென்னையின் அனில் ஸ்ரீனிவாசன் போன்றவர்களைக் கேட்டால் அந்த வித்தியாசமே ஓர் அழகாகத் தெரியும். ஆனால் இந்த 14-க்கு மேல் ஈரம் தன் பங்குக்கு ஒரு 20 சேர்த்தால், தப்பு தன் விரலிலா கருவியிலா என்று தொடக்கநிலை மாணவருக்குத் தெரியாது. பெரும்பாலும் தன் மேல்தான் பழி போட்டுக்கொள்வார்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

அப்ரைட்டை விற்பதே உயரத்தை வைத்துத்தான். 109 சென்டிமீட்டர் ஒரு வகை, 121 ஒரு வகை, 131 ஒரு வகை. யமஹாவின் யு1 121, யு3 131. உயரம் கூடினால் மந்திர ஸ்தாயிக் கம்பிகள் நீளும். குட்டையான பெட்டியில் அதே கீழ் ஸ்வரத்தை வரவழைக்கக் கம்பிமேல் செம்பைச் சுற்றிக் கனமாக்க வேண்டும். கனம் கூடக்கூட அது கம்பி மாதிரி ஆடாமல் தடி மாதிரி ஆடும். அதன் மேல்ஸ்வரங்கள் சரியான மடங்கில் விழாது. அடியில் ஒரு கலங்கல் கேட்பது இதனால்தான்.

இது உண்மை. ஆனால் முதல் இரண்டு வருஷம் நீங்கள் வாசிப்பது பெரும்பாலும் நடு நான்கு ஸ்தாயிகளில். அங்கே 131-க்கும் 115-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நன்றாகப் பராமரித்ததற்கும் பராமரிக்காததற்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரிது. 115 முதல் 121 வரை போதும். யு1 மாதிரி ஒன்று சுமார் 228 கிலோ. இந்த எடையை 70 வளைவு ஏற்றணும் என்பதையும் மறக்காதீங்க.

ஒலிப்பலகையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒற்றை ஸ்ப்ரூஸ் பலகைக்கு ஒலியில் மதிப்பு அதிகம். பல அடுக்காக ஒட்டிய பலகையை விற்பனையாளர்கள் கொஞ்சம் தாழ்வாகப் பேசுவார்கள். ஆனால் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே பிடித்துக்கொள்வதால் அது ஈரத்துக்கு அதிகம் புடைக்காது, வெடிக்காது. காற்றைக் கட்டுப்படுத்த முடியாத வீட்டுக்கு அது தாழ்வான தேர்வு இல்லை. சுத்தி இயக்கத்தில் கவாய் மரத்துக்குப் பதிலாகப் பல பாகங்களைக் கார்பன் நார் கலந்த பிளாஸ்டிக்கில் செய்கிறது. ஈரமான ஊருக்கு அதுவும் ஒரு நியாயமான சாதகம்.

பழசு வாங்கினால்

புது அப்ரைட் சில லட்சங்கள். அதனால் நிறையப் பேர் ஜப்பானிலிருந்து வரும் பழைய யமஹா, கவாய்களைப் பார்க்கிறார்கள். நல்ல வழிதான். "ஜப்பானுக்காகச் செய்தது வெளிநாட்டில் வெடிக்கும்" என்ற எச்சரிக்கையை இணையத்தில் பார்ப்பீர்கள். அது வறண்ட அமெரிக்க வீடுகளைப் பற்றியது. நமக்கு அந்தப் பயம் குறைவு. வரிசை எண்ணை வைத்துத் தயாரித்த வருஷத்தைக் கண்டுபிடிக்கலாம். மேல்மூடியைத் திறந்தால் இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும்.

பார்க்கப் போகும்போது போன், டார்ச், ஏழு பத்து ரூபாய் நாணயம் எடுத்துப் போங்க.

*போனில் சுருதி ஆப்.* நடு ஏ 440 காட்டணும். 415 காட்டினால் கருவி முழுசாக ஓர் அரைஸ்வரம் இறங்கியிருக்கு என்று பொருள். பல வருஷம் யாரும் தொடவில்லை. எல்லா ஸ்வரமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் மீட்கலாம். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களே தாறுமாறாக இருந்தால் ஆணிகள் தளர்ந்திருக்கலாம். அது பெரிய செலவு, விலகிவிடுங்க.

*88 கட்டையும்.* ஒன்று விடாமல், முதலில் மெதுவாக, பிறகு வேகமாகத் திரும்பத் திரும்ப. மெதுவாக எழும் கட்டையைக் குறித்துக்கொள்ளுங்க. ஒன்றிரண்டு என்றால் அற்ப வேலை. இருபது என்றால் அந்த வீட்டின் ஈரம் உங்களிடம் பேசுகிறது.

*நாணயம்.* பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம், ஏழு சேர்ந்தால் 54. வலது பெடலை அழுத்திக்கொண்டு, கட்டையின் நுனியில் ஏழையும் அடுக்கினால் அது மெதுவாகத் தானே இறங்க வேண்டும். சாதாரணமாக 50 கிராமை ஒட்டியே இருக்கும். ஏழு வைத்தும் அசையாவிட்டால் எங்கோ பிடிக்கிறது.

*டார்ச்.* மேல்மூடி, கீழ்ப்பலகை இரண்டையும் திறக்கச் சொல்லுங்க. தயங்கினால் அதுவே பதில். கம்பியில் துரு, ஃபெல்டில் பூச்சி அரித்த ஓட்டை, மூலையில் கரையான் மண், எலிப் புழுக்கை, சுத்தித் தலையில் ஆழமான கம்பித் தடம், இதையெல்லாம் பாருங்க. ஒலிப்பலகையில் ஒரு கீறல் இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். கீழ் ஸ்வரங்களை ஓங்கி வாசித்து, அதிர்கிற இரைச்சல் வருதா என்று கேட்டால் போதும்.

இரண்டு வகையை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கலாம். ஒன்று, சுத்திகளுக்கு முன்னால் கூண்டுக் கம்பி மாதிரி வரிசையாகக் கம்பிகள் தெரியும் பழைய இங்கிலாந்துப் பியானோ. அதில் ஒலியை நிறுத்தும் அமைப்பு சுத்திக்கு மேலே இருக்கும். ஒலியும் சரியாக நிற்காது, டியூனருக்கும் கை நுழையாது. இரண்டு, தந்தம் ஒட்டிய வெள்ளைக் கட்டைகள். ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் குறுக்கே மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தால் அது தந்தமாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் தடை. பாட்டனார் காலத்துப் பொருள் என்ற பதில் அங்கே எடுபடாது.

மலை ஏற்றுவதும், வைக்கிற இடமும்

அப்ரைட்டின் எடை பெரும்பகுதி பின்பக்கம் இருக்கு, இரும்புச் சட்டம் அங்கேதான். வளைவில் பின்னால் சாயப் பார்க்கும். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தியபடியே, முதுகு வண்டியின் பக்கவாட்டில் ஒட்டும்படி, கம்பளம் சுற்றிக் கட்டணும். பீரோ தூக்கிப் பழகியவர்கள் மட்டும் போதாது, பியானோ தூக்கிய ஒருவராவது கூட வரணும். மழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்க. ஆடியில் வல்வில் ஓரி விழா நாட்களையும் தவிர்த்துவிடுங்க, மலைப்பாதை வண்டிகளால் நிரம்பியிருக்கும்.

வந்து இறங்கியதும் சுருதி சேர்க்கக் கூடாது. இரண்டு, மூன்று வாரம் புது அறையின் காற்றுக்குப் பழகட்டும்.

மழை அடிக்கிற வெளிச்சுவர், ஜன்னலோரம், சமையலறைச் சுவர், வெயில் விழும் இடம் எதுவும் ஆகாது. உள்சுவர் ஒன்றில், நாலு விரற்கடை இடைவெளி விட்டு வைக்கலாம். தரையில் கரையான் மருந்து அடித்து, சக்கரங்களுக்கு அடியில் கிண்ணம் வைத்துவிடுங்க.

இப்போ அந்தக் குண்டு பல்பு. பெட்டிக்குள் வெப்பம் 24-லிருந்து 29 டிகிரிக்கு, வெறும் 5 டிகிரி கூடினால், 80 சதவீத ஈரப்பதம் 60 ஆக இறங்கிவிடும். தண்ணீர் எங்கேயும் போகவில்லை. சூடான காற்றுக்கு அது குறைவாகப்படுது, அவ்வளவுதான். மரத்துக்கு அதுவே போதும். 25 வாட்ஸ் இரவும் பகலும் எரிந்தால் மாதம் 18 யூனிட். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் தேவையான சூடு வராது.

ஆனால் மரமும் கம்பளியும் நிறைந்த பெட்டிக்குள் சூடான கண்ணாடி பல்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவது ஆபத்து. இதற்கென்றே செய்த சூடேற்றும் தண்டுகள் இருக்கு. அமெரிக்காவின் டாம்ப்-சேசர் 1947-லிருந்து இந்த வேலையைச் செய்யும் கம்பெனி. தண்டோடு ஒரு ஈரப்பத சுவிட்ச் வரும். ஈரம் குறைந்தால் தானே அணையும். டியூனர் பொருத்தட்டும். மின்சாரம் அடிக்கடி போகும் இடம் என்றால், நீண்ட வெட்டு வரும் நாட்களில் மூடியை மூடி, மேலே கனமான துணி போர்த்திவிடுங்க. மாற்றம் மெதுவாக நடந்தாலே பாதி நன்மை. சிலிக்கா ஜெல் பொட்டலம் இவ்வளவு பெரிய பெட்டிக்கு ஈடுகொடுக்காது. ஒட்டும் கட்டையில் தேங்காய் எண்ணெய், பூட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எதையும் விட வேண்டாம். ஃபெல்ட் அதையும் குடித்து இன்னும் உப்பும்.

அதுவரைக்கும்?

இதையெல்லாம் படித்தவுடன் "அப்போ டிஜிட்டலே வாங்கிடலாமே" என்று தோன்றும். சிலருக்கு அதுதான் சரியான பதில். 88 கட்டையும், சுத்தியின் கனத்தைக் கட்டையில் உணர்த்தும் அமைப்பும் இருந்தால், முதல் சில வருஷப் பாடங்களுக்கு அது தாராளம். சுருதி வேண்டாம், ராத்திரி ஹெட்போனில் வாசிக்கலாம், இரண்டு பேர் தூக்கலாம். கட்டை கனமில்லாத சாதாரண கீபோர்டில் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். விரல் பழகுவது வேறு வாத்தியமாகிவிடும்.

டிஜிட்டலில் கிடைக்காததும் ஒன்று இருக்கு. ஒரு கட்டையைத் தட்டும்போது மற்ற கம்பிகளும் சேர்ந்து முனகுவதும், பலகையின் அதிர்வு விரல் வழியாகத் திரும்பி வருவதும் மரப் பெட்டியில்தான். மெதுவாக வாசிக்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு அந்த முனகல்தான் பியானோ.

ஆகவே என் யோசனை இது. ஓர் எடையுள்ள டிஜிட்டல் பியானோவும், சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் ஈரமானியும் ஒரே நாளில் வாங்குங்க. எந்த அறையில் அப்ரைட் வரணுமோ அந்த அறையிலேயே இரண்டையும் வைங்க. தினமும் வாசிக்க உட்காரும்போது ஈரப்பதத்தை ஒரு நோட்டில் குறியுங்க: தேதி, நேரம், சதவீதம். காலையிலும் மாலையிலும் என்றால் இன்னும் நல்லது. ஆனி முதல் அடுத்த வைகாசி வரை, இரண்டு பருவமழையும் ஒரு கோடையும் அதில் வந்துவிடும். அந்த ஒரு வருஷத்துக்குள் டியூனரையும் கண்டுபிடித்துவிடலாம்.

வருஷ முடிவில் அந்த நோட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். எண்கள் 75-க்கு மேல் வாரக்கணக்கில் நின்றிருந்தால், சூடேற்றும் தண்டும் அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் பியானோவின் விலையில் ஒரு பகுதி என்று கணக்கில் சேர்க்கணும். 50-க்கும் 70-க்கும் இடையில் பெரிய ஆட்டமில்லாமல் இருந்தால் தண்டு மட்டும் போதும்.

இரண்டாவது கேள்வி அறையைப் பற்றியது இல்லை. ஒவ்வொரு வரியும் நீங்கள் வாசிக்க உட்கார்ந்த ஒரு நாள். வருஷத்தில் இருநூறு வரிக்கு மேல் இருந்தால் தைரியமாக லாரிக்குச் சொல்லி அனுப்புங்க. ஐம்பதோடு நின்றிருந்தால், டிஜிட்டலை மூலையில் வைத்துக்கொண்டு இன்னொரு வருஷம் பாருங்க. பியானோ எங்கேயும் ஓடிப்போகாது.